அடிமையின் கையில் எழுதுகோல்

ஒரு மக்களினம் விடுதலைக்காகப் போராடுவது ஒன்று. அவ்வாறு போராடியதைப் பின்வரும் தலைமுறை அறிந்திருப்பது வேறொன்று. போராட்டம் ஓர் ஆண்டிலோ ஒரு தலைமுறையிலோ முடிந்துவிடும். அதன்பின் அதைத் தாங்கி நிற்பது எழுத்தே. போராடியவர் எழுதாமல் மறைவாராயின், அவரை அடக்கி வைத்தவர் எழுதியதே வரலாறு என்னும் பெயரைப் பெறும். பின்னர் அம்மக்களின் பேரப்பிள்ளைகளே, தம் முன்னோர் அடிமைத்தனத்தை மனமொப்பி ஏற்றிருந்தனர் என்று பள்ளியில் படிக்க நேரும்.

இதனை விளக்கப் பல நாட்டு வரலாறுகள் உள. அவற்றுள் அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வரலாறு ஆசிரியராகிய நமக்குத் தனிப்பாடம் ஆகும். ஏனெனில் அங்கே எழுத்து, போராட்டத்தைப் பதிவு செய்யும் கருவியாக மட்டும் அமையவில்லை. எழுதக் கற்பதே போராட்டமாக இருந்தது. எழுதக் கற்பித்தவர் குற்றவாளியாகக் கருதப்பட்டார்.

எழுத்தைத் தடுத்த சட்டங்கள்

1619-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 ஆப்பிரிக்கர் வர்ஜீனியாக் கரையில் விற்கப்பட்டனர். 1860-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்போது அந்நாட்டின் அடிமைகள் தொகை ஏறத்தாழ 40 இலட்சமாகியிருந்தது. பருத்தியும் புகையிலையும் கரும்பும் நெல்லும் இவர்கள் உழைப்பால் விளைந்தன. இவ்வளவு பெருந்தொகையினரை அடக்கி வைக்கச் சாட்டையும் துப்பாக்கியும் மட்டும் போதமாட்டா என்பதை எசமானர் விரைவிலேயே உணர்ந்தனர்.

1739-ஆம் ஆண்டு செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1740-இல், அக்குடியேற்றத்தின் சட்டமன்றம் விரிவான அடிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கும் அவனை எழுத்து வேலையில் அமர்த்துபவருக்கும் 100 பவுன் தண்டம் என்பது அதில் ஒரு விதி. அச்சட்டம் தடுத்தது எழுதுவதையே என்பதை நாம் நோக்கவேண்டும். படிப்பவன் பிறர் சொன்னதை அறிவான். எழுதுபவனோ எசமானர் பெயரில் வழிச்சீட்டு எழுதிக்கொண்டு ஊரைக் கடந்துவிடுவான். ஒரு தோட்டத்துச் செய்தி மற்றொரு தோட்டத்துக்கு அவனால் போய்விடும்.

90 ஆண்டுகளுக்குப் பின் இத்தடை மேலும் இறுகியது. 1829-இல் பாஸ்டன் நகரில் பழைய துணிக்கடை நடத்திய டேவிட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர், அடிமைத்தனத்தைக் கடுமையாகச் சாடிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். கப்பலோட்டிகள் வழியாக அந்நூல் தென்பகுதித் துறைமுகங்களுக்குச் சென்றது. தென்மாநிலங்கள் அஞ்சின. 1830-இல் வட கரோலினா, அடிமைகளுக்குப் படிக்கவும் எழுதவும் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது: கணக்குக் கற்பிக்கலாம் என்பதே அது.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்து எண்ணியவர் திருவள்ளுவர். அந்நாட்டுச் சட்டம் ஒரு கண்ணை விட்டுவைத்து மறு கண்ணைப் பறித்தது. எண்ணறிந்த அடிமை எசமானரின் மூட்டைகளை எண்ணுவதற்குப் பயன்பட்டான். எழுத்தறிந்த அடிமையோ தன்னைப் பற்றி எழுதத் தொடங்குவான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

எசமானரின் ஏடுகள்

எசமானர் தரப்பில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துக் கணக்கேடுகள், விற்பனைப் பத்திரங்கள், உயில்கள், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருமாறு செய்தித்தாள்களில் வந்த விளம்பரங்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் அடிமையின் வயதும் விலையும் உடல் அடையாளமும் பதிவாகியுள்ளன. அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பது மட்டும் இல்லை. 1850, 1860 ஆண்டுகளின் குடிமதிப்பில் அடிமைகளுக்கெனத் தனிப்பட்டியல் எழுதினர். எசமானர் பெயருக்குக் கீழே ஒவ்வோர் அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவை வரிசையாக வரும். மிகச் சில இடங்கள் நீங்கலாக, அடிமையின் பெயர் வராது.

கிளர்ச்சி செய்தவர்களின் சொற்களும் பெரும்பாலும் பிறர் கைவழியாகவே நமக்குக் கிடைத்தன. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்பவர் தலைமையில் பெருங்கிளர்ச்சி நடந்தது. டர்னர் எழுத்தறிவுடையவர். எனினும் அவர் எழுதிய நூல் எதுவும் நம்மிடம் இல்லை. தூக்கிலிடப்படுமுன் சிறையில் அவர் கூறியதாகத் தாமஸ் கிரே என்னும் வெள்ளை வழக்குரைஞர் எழுதி வெளியிட்ட வாக்குமூலமே உள்ளது. அதில் டர்னரின் குரல் எவ்வளவு, கிரேயின் குரல் எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர் இன்றளவும் வாதிடுகின்றனர். தன் கையால் எழுதாத போராட்டத்துக்கு நேரும் கதி இது.

அதனால்தான் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்கள் எழுதுகோலைக் கையில் எடுத்தனர். 1789-இல் இலண்டனில் ஒலாடா ஈக்வியானோ என்பவர் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அவர் வாழ்நாளிலேயே அது 9 பதிப்புகள் கண்டது. அடிமை வாணிகத்துக்கு எதிராக ஆங்கிலேய மக்களைத் திருப்பிய நூல்களுள் அதுவும் ஒன்று. அவரைத் தொடர்ந்து, அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்குவதற்குமுன், முன்னாள் அடிமைகளின் தன்வரலாறுகள் நூறளவில் நூல்களாக வெளிவந்தன. பலவற்றின் முகப்பில், நூலாசிரியர் தாமே எழுதியது என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. இக்காலத்தில் அது தேவையற்ற குறிப்பாகத் தோன்றலாம். அன்று, அடிமையால் எழுத முடியும் என்பதே ஐயத்துக்கு உரியதாக இருந்தபடியால், அக்குறிப்பே ஓர் உரிமைக்குரலாக ஒலித்தது.

கப்பல் பட்டறையில் கற்ற எழுத்து

இந்நூல்களுள் தலைசிறந்தது பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் பாஸ்டனில் வெளியிட்ட தன்வரலாறு. டக்ளஸ் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைப் பெண் ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவர். 8 வயதளவில் பால்டிமோர் நகரிலிருந்த ஹியூ ஆல்டு என்பவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீட்டுத் தலைவி சோஃபியா அச்சிறுவனுக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் அதனை அறிந்து தடுத்துவிட்டார். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும், பிறகு அவன் எதற்கும் உதவமாட்டான் என்பது அவர் வாதம். அருகில் நின்று கேட்ட சிறுவனுக்கோ அதுவே முதற்பாடமாயிற்று. எசமானர் எதற்கு அஞ்சுகிறாரோ, அதனையே தான் பற்றவேண்டும் என்று அவன் துணிந்தான்.

அதன்பின் தெருவே அவனுக்குப் பள்ளியாயிற்று. வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. வெளியில் பசித்திருந்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து அவர்களிடம் படிக்கக் கற்றான். கப்பல் கட்டும் பட்டறையில் தச்சர்கள், எந்தப் பலகை கப்பலின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதை ஓரிரண்டு எழுத்துகளால் குறித்து வைப்பார்கள். அவற்றைப் பார்த்து நான்கு எழுத்துகளை எழுதப் பழகினான். பிறகு தெருச் சிறுவர்களிடம் சென்று, உங்களைப்போல எனக்கும் எழுதத் தெரியும் என்று சவால் விடுவான். அவர்கள் அவனைத் தோற்கடிக்க மேலும் பல எழுத்துகளை எழுதிக் காட்டுவார்கள். அவ்வெழுத்துகளும் அவனுக்கு வந்துவிடும். எசமானரின் மகன் எழுதித் தள்ளிய கையெழுத்துப் பயிற்சி ஏடுகளில் இருந்த வெற்றிடங்களில் அவன் எழுதிப் பார்த்தான். 12 வயதளவில் 50 காசு சேர்த்து, பேச்சுகளும் உரையாடல்களும் அடங்கிய ஒரு பள்ளிப் பாடநூலை வாங்கினான்.

அவ்வெழுத்து பயன்பட்ட இடத்தையும் காண்போம். 1836-இல் டக்ளசும் தோழர் சிலரும் தப்பியோடத் திட்டமிட்டனர். எசமானர் எழுதியதுபோன்ற அனுமதிச் சீட்டை ஒவ்வொருவருக்கும் டக்ளஸே எழுதிக் கொடுத்தார். திட்டம் வெளியாகிவிட்டது, அனைவரும் பிடிபட்டனர். டக்ளஸ் தம் சீட்டை நெருப்பில் இட்டார். மற்றவர்கள் உண்ணக் கொடுத்த ரொட்டியோடு தத்தம் சீட்டையும் மென்று விழுங்கினர். சான்று இல்லாமற்போனதால் உயிர் தப்பினர். 1740-ஆம் ஆண்டுச் சட்டம் எதற்கு அஞ்சியதோ, ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதுவே நடந்தது. 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பலோட்டி ஒருவரின் சான்றிதழை இரவலாகப் பெற்று, டக்ளஸ் வட மாநிலங்களுக்குத் தப்பிச் சென்றார்.

அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் பேசத் தொடங்கியபோது, இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று பலர் ஐயுற்றனர். அதற்கு மறுமொழியாகவே அவர் நூல் எழுதினார். அதில் தம்மை வைத்திருந்த எசமானர்கள், அடித்த மேற்பார்வையாளர்கள், கொலை செய்தவர்கள் ஆகியோரின் பெயர்களையும் இடங்களையும் வெளிப்படையாகக் கூறினார். தப்பியோடிய அடிமை தன் எசமானரின் பெயரை எழுதுவது, தன்னைப் பிடித்துக்கொண்டு போக வழி காட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவேதான் நூல் வெளிவந்த அதே ஆண்டு அவர் கடல் கடந்து பிரிட்டனுக்குச் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் 1846-இல் 150 பவுன் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினர்.

பெயர்களை எழுதிய அவரே சில பெயர்களை மறைத்தார் என்பதையும் கருதவேண்டும். தமக்கு எழுத்துக் கற்பித்த வெள்ளைச் சிறுவர்களின் பெயர்களை அவர் எழுதவில்லை. எழுதினால் அவர்களுக்குச் சங்கடம் நேரும். தாம் தப்பிய வழியையும் அந்நூலில் கூறவில்லை. கூறினால் பின்வருவோருக்கு அவ்வழி அடைபடும். அடிமைத்தனம் ஒழிந்த பின்னர், 1881-இல் எழுதிய மூன்றாம் தன்வரலாற்றில்தான் அதனை விளக்கினார். எதை எழுதுவது, எதை எப்போது எழுதுவது என்னும் பொறுப்பும் விடுதலை எழுத்தின் ஒரு பகுதி என்பதை இதனால் அறிகிறோம்.

பெயரும் இடமும் குறித்ததன் பயன் உடனே தெரிந்தது. அப்பகுதியில் முன்பு வாழ்ந்த தாம்சன் என்பவர் செய்தித்தாளில் ஒரு மறுப்பு எழுதினார். அந்த எசமானர்களெல்லாம் நல்லவர்கள், தாம் அறிந்த பிரெடரிக் எழுத்தறிவற்ற அடிமை, அவனால் இப்படியொரு நூலை எழுதியிருக்க முடியாது என்பது அம்மறுப்பின் சாரம். டக்ளஸ் அதற்கு நன்றி கூறினார். தாம் அடிமையாக இருந்ததையும், தாம் குறிப்பிட்ட மனிதர்கள் உண்மையில் வாழ்ந்ததையும் எதிர்த்தரப்பினரே ஒப்புக்கொண்டுவிட்டார் அல்லவா?

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. டக்ளசுக்குத் தம் பிறந்தநாள் தெரியாது. 1817-இல் பிறந்ததாகவே எண்ணியிருந்து 1895-இல் மறைந்தார். அவருடைய முதல் எசமானரான ஆரன் அந்தனியின் கணக்கேட்டில், அவர் பிறந்தது 1818 பிப்ரவரி என்று எழுதியிருந்தது. டிக்சன் பிரெஸ்டன் என்னும் ஆராய்ச்சியாளர் 1980-இல் வெளியிட்ட நூலால் அது தெரியவந்தது. எசமானரின் ஏடு பிறந்த மாதத்தைக் காத்து வைத்தது. ஆனால் அதற்குரியவரிடம் அதைச் சொல்லவில்லை. மனிதனைக் காத்தது அவன் தானே எழுதிய ஏடுதான்.

பரண்மேல் ஏழாண்டு

ஆண்கள் மட்டும் எழுதவில்லை. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 1813-இல் பிறந்த ஹேரியட் ஜேக்கப்ஸ், எசமானரின் தகாத வற்புறுத்தலுக்கு இணங்க மறுத்துத் தலைமறைவானவர். 1835-இல் அவரைப் பிடித்துத் தருவோருக்கு 100 டாலர் பரிசு என்று எசமானர் விளம்பரம் செய்தார். அவரோ அதே ஊரில், தம் பாட்டி வீட்டின் கூரைக்கடியில் ஒளிந்திருந்தார். அவ்விடம் 9 அடி நீளம், 7 அடி அகலம். மிக உயர்ந்த பகுதியே 3 அடிதான். நிமிர்ந்து நிற்கவும் இயலாத அப்பரணில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் இருந்தார். பலகையில் சிறு துளையிட்டு, தம் பிள்ளைகள் கீழே விளையாடுவதை அவர்களுக்குத் தெரியாமல் பார்த்திருந்தார்.

அங்கேயும் எழுத்து அவருக்கு உதவியது. நியூயார்க் செய்தித்தாள் ஒன்றின் துண்டிலிருந்து அந்நகரத் தெருப்பெயர்களை அறிந்து, தாம் அந்நகரில் இருப்பதுபோல் எசமானருக்குக் கடிதம் எழுதினார். நம்பிக்கையான ஒருவர் மூலம் அது வடக்கே கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து அஞ்சலில் வந்து சேர்ந்தது. எசமானர் வடக்கே தேட, அவர் தலைக்கு அருகிலேயே ஜேக்கப்ஸ் இருந்தார். 1842-இல் அவர் தப்பி வடக்கே சென்றார்.

பின்னர்த் தம் கதையை உலகுக்குச் சொல்ல விரும்பியபோது, புகழ்பெற்ற எழுத்தாளரான ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் உதவியை நாடினார். ஸ்டோ அதனைத் தம் நூலில் ஒரு சான்றாகச் சேர்த்துக்கொள்ள எண்ணினார். ஜேக்கப்ஸ் அதற்கு உடன்படவில்லை. தம் கதையைத் தாமே எழுதுவதென முடிவு செய்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்துகொண்டே, இரவு வேளைகளில் பல ஆண்டுகள் எழுதினார். 1861-இல் நூல் வெளிவந்தது. மானத்தையும் உறவினரையும் காக்கவேண்டித் தம் பெயரை மறைத்து, லிண்டா பிரென்ட் என்னும் புனைபெயரை வைத்தார்.

புனைபெயரின் விளைவு என்ன தெரியுமா? நூறாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் அதனை, பதிப்பித்த வெள்ளைப் பெண்மணி எழுதிய கற்பனை நூல் என்றே கருதினர். ஜீன் ஃபேகன் யெலின் என்னும் பேராசிரியை, ஜேக்கப்ஸ் தம் தோழிக்கு எழுதிய கடிதங்களையும் பிற ஆவணங்களையும் ஆராய்ந்து, நூலாசிரியர் ஜேக்கப்ஸே என்பதை 1980களில் நிறுவினார். 1987-இல் அவர் பதிப்பித்த நூல் வெளிவந்தது. கடிதங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த தோழி ஒருவர் இல்லையேல், ஒரு பெண் பட்ட பாடெல்லாம் கதையாகவே போயிருக்கும்.

தாளுக்கும் மைக்கும் பட்ட பாடு

எழுதத் தெரிந்தும் எழுத முடியாதவர் நிலையை சாலமன் நார்த்தப் வரலாறு காட்டும். அவர் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திரமாகப் பிறந்தவர். 1841-இல் வஞ்சகமாகக் கடத்தப்பட்டு லூசியானாத் தோட்டங்களில் விற்கப்பட்டார். ஒரே ஒரு கடிதம் வீட்டுக்குப் போனால் விடுதலை கிடைத்துவிடும். ஆனால் அடிமைக்குத் தாளும் மையும் எழுதுகோலும் விலக்கு. ஒரு தாள் கிடைக்கவே 9 ஆண்டுகள் ஆயின. மரப்பட்டையைக் காய்ச்சி மை செய்து, வாத்தின் சிறகைச் சீவி எழுதுகோலாக்கி, எல்லோரும் உறங்கியபின் கடிதம் எழுதினார். அனுப்ப நம்பிய வெள்ளையன் காட்டிக்கொடுத்துவிடவே, அதனைக் கொளுத்த நேர்ந்தது. பின்னர் பாஸ் என்னும் கனடா நாட்டுத் தச்சர் அவர் பொருட்டு எழுதிய கடிதங்களால் 1853-ஆம் ஆண்டு சனவரியில் விடுதலை பெற்றார். அதே ஆண்டு அவர் வரலாறு நூலாயிற்று.

இடுகாட்டில் ஒளித்த ஏடுகள்

ஒருவர் தம் கதையை எழுதுவது போலவே, பலர் கதையைக் கேட்டு எழுதி வைப்பதும் வேண்டும். இதற்கு வில்லியம் ஸ்டில் என்பவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இவர் ஃபிலடெல்ஃபியா நகரில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தப்பி வரும் அடிமைகளுக்கு உணவும் இடமும் வழிச்செலவும் கொடுத்து அனுப்புவது அவர் மேற்கொண்ட பணி. 1850-ஆம் ஆண்டில் ஒருநாள் பீட்டர் என்னும் நடுவயதினர் ஒருவர், தாம் சிறுவயதில் பிரிந்த தாயைத் தேடி வந்தார். பெற்றோர் பெயர்களைக் கேட்கக் கேட்க ஸ்டில் திகைத்துப்போனார். வந்தவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் தாய் தப்பியோடியபோது விட்டுச் செல்ல நேர்ந்த பிள்ளை.

அன்றுமுதல் ஸ்டில், வருவோர் ஒவ்வொருவரின் பழைய பெயர், புதிய பெயர், வந்த ஊர், எசமானர் பெயர், விட்டு வந்த உறவினர், தப்பிய வழி ஆகியவற்றைக் கவனமாக எழுதி வந்தார். பிரிந்த குடும்பங்கள் பின்னொருகால் ஒன்றுசேர அவை உதவும் என்பது அவர் எண்ணம். அது மிக ஆபத்தான வேலை. 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியோடியவருக்கு உதவியவருக்கு 1,000 டாலர் வரை தண்டமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு. அந்த ஏடுகள் பகைவர் கையில் சிக்கினால், அவரோடு நூற்றுக்கணக்கானோர் அழிவர். ஆகவே ஒரு காலத்தில் அவற்றை இடுகாட்டுக் கட்டடம் ஒன்றில் ஒளித்து வைத்தார். 1865-இல் அரசியற் சட்டத் திருத்தத்தால் அடிமைத்தனம் ஒழிந்தது. 1872-இல் ஸ்டில் அக்குறிப்புகளைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். பெயர் தெரியாமல் போயிருக்கவேண்டிய எளிய மனிதர் பலர் அதனால் இன்றும் பெயரோடு வாழ்கின்றனர்.

எழுதியும் மறைந்த காலம்

எழுதிவிட்டால் மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது. அடிமைத்தனம் ஒழிந்த சில பத்தாண்டுகளுக்குள் இந்நூல்கள் பலவும் அச்சில் இல்லாமற்போயின. தோட்ட முதலாளிகளின் காலத்தைப் பொற்காலமாகப் பாடும் நூல்கள் பெருகின. 1918-இல் உல்ரிக் ஃபிலிப்ஸ் என்னும் பேராசிரியர் அமெரிக்க அடிமை முறையைப் பற்றி எழுதிய பெருநூல், பல்கலைக்கழகங்களில் நீண்டகாலம் செல்வாக்குடன் விளங்கியது. அவர் பெரிதும் நம்பியவை எசமானரின் ஏடுகள். அடிமைகளின் தன்வரலாறுகள் நம்பத்தக்கன அல்ல என்பது அவர் கொள்கை. எழுதிய நூல் இருந்தும், அதனைச் சான்றாக ஏற்க மறுத்தால், எழுதாததற்கு ஒப்பாகிவிடுகிறது.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஆசிரியர் ஒருவர் முதன்மையானவர். அவர் பெயர் கார்ட்டர் உட்சன். அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். நமக்கு அண்டை நாடாகிய பிலிப்பைன்சில் 1903 முதல் 1907 வரை பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1915-இல் கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராயக் கழகம் ஒன்றை நிறுவினார். 1916-இல் அதற்கெனக் காலாண்டிதழ் தொடங்கினார். 1926 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு வாரம் பள்ளிகளில் அவ்வரலாற்றைக் கற்பிக்கச் செய்தார். அவ்வாரம் 1976 முதல் ஒரு மாதமாக விரிந்தது. 1935-இல் டூபாய்ஸ் என்னும் பேரறிஞர், வரலாறு எவ்வாறு திரித்து எழுதப்பட்டது என்பதைத் தம் நூலின் இறுதி இயலில் சான்றுகளோடு காட்டினார். டக்ளசின் முதல் நூல் 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக மீண்டும் வந்தது. நார்த்தப் கூறிய இடங்களையும் மனிதர்களையும் லூசியானா ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பு 1968-இல் வெளியாயிற்று. எழுதியவர் ஒருவர், அச்சிட்டவர், சரிபார்த்தவர், வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் பலர். இவர்கள் அனைவரும் சேர்ந்தே ஒரு போராட்டத்தைக் காத்தனர்.

முதியோர் வாய்மொழி

எழுதத் தெரியாமலே முதிர்ந்தவர் கதையும் கைவிடப்படவில்லை. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ், 17 மாநிலங்களில் முன்னாள் அடிமைகள் 2,300-க்கு மேற்பட்டோரைக் கண்டு, அவர்கள் கூறியவற்றை எழுதிக்கொண்டனர். பெரும்பாலோர் 80 வயதைக் கடந்தவர்கள். பொருளாதார நெருக்கடிக் காலமாதலால், வந்தவர்கள் உதவித்தொகை தர வந்த அதிகாரிகள் என்று சிலர் எண்ணினர். கேட்டவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். ஆகவே முதியவர் பலர் அச்சத்தோடு அளந்தே பேசினர். இவற்றைப் படிப்போர் அதனை மனத்திற்கொண்டு படிக்கவேண்டும் என்று அறிஞர் கூறுவர்.

குறையிருந்தும் அத்தொகுப்பின் மதிப்பு பெரிது. ஸ்டோனோக் கிளர்ச்சியை முன்னரே குறிப்பிட்டோம். அக்கிளர்ச்சியாளர் தரப்பில் அன்று எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இத்திட்டத்தில் பேசிய ஜார்ஜ் கேட்டோ என்பவர், அக்கிளர்ச்சியின் தலைவரின் வழிவந்தவர் தாம் என்று கூறி, தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த கதையைச் சொன்னார். அவர் கூற்றுப்படி, அத்தலைவர் எழுதத் தெரிந்தவர். மற்ற அடிமைகளுக்கு வழிச்சீட்டு எழுதிக் கொடுத்தவர். ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் நாவில் மட்டும் வாழ்ந்த செய்தி, ஒருவர் சென்று கேட்டு எழுதியதால் நமக்குக் கிட்டியது. மறுநாள் சென்றிருந்தால் கிட்டியிருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

நம் கடன்

இனி இப்பாடத்தை நம் நாட்டோடு பொருத்திப் பார்ப்பது ஆசிரியர் கடமை. ரப்பர்த் தோட்டத்து மக்கள் விலைக்கு வாங்கிய அடிமைகள் அல்லர். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. எனினும் பதிவின் நிலையில் ஓர் ஒப்புமை உண்டு. தோட்டத்துச் செக்ரோலில் பெயரும் வேலைநாளும் சம்பளமும் உள. அப்பெயருக்குரியவர் என்ன எண்ணினார், எதற்குத் தலைநிமிர்ந்தார் என்பது அதில் இல்லை.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவை அவர்கள் கேட்டவற்றுள் சில. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் துறந்தனர். இச்செய்திகளின் பெரும்பகுதியை நாம் அறிவது அன்றைய அரசு அதிகாரிகளின் அறிக்கைகளிலிருந்துதான். சைக்கிளிலிருந்து இறங்கமாட்டேன் என்று முதன்முதலில் சொன்னவர் யார்? அன்றிரவு லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள்? அறிக்கைகள் இதனைச் சொல்லமாட்டா.

அக்காலத்தைக் கண்ணால் கண்டவர் அரியராகிவிட்டனர். அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டதால், ஓரிடத்தில் கேட்டறியும் வாய்ப்பும் குறைந்துவருகிறது. மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு நான்கு பக்கம் எழுதட்டும். சொன்னவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, எழுதிய நாள் ஆகிய நான்கும் தவறாமல் இருக்கட்டும். வெளியிட்டால் ஒருவருக்குத் துன்பம் நேருமெனில், அப்பெயரை வெளியிடாமல் காத்து வைக்கட்டும். பள்ளியில் ஒரு படியும் வீட்டில் ஒரு படியும் இருக்கட்டும். மொழிநடை பிறகு திருந்திக்கொள்ளும். பெயரும் ஊரும் ஆண்டும் போனால் திரும்பி வாரா.

கட்டுரைப் பயிற்சி என்றவுடன் மழைக்காலத்தையும் மாலைக்காட்சியையும் எழுதச் சொல்வது நம் வழக்கம். அவையும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் பாட்டனின் கதையாக அமையட்டும். எழுதத் தடை இருந்த நாட்டில் மரப்பட்டையைக் காய்ச்சி மை செய்து எழுதினார்கள். தாளும் மையும் தாராளமாய்க் கிடைக்கும் நாட்டில், எழுதாமற்போன குறை நம் தலைமுறையைச் சாரவேண்டாம்.